பாத்திரத்தை அவள் கையால் தேய்த்தாளா, மந்திரத்தால் தேய்த்தாளா?

கெடிலக்கரை (கடலூர்):

நேற்று ராத்திரி இங்கே ‘தூமா வீதி’ என்ற பேரில் எழுதும் நண்பர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அமெரிக்காவில் 1964 முதல் 1972 வரை ஓடிய ‘பிவிட்ச்டு’ டிவி தொடரைப் பற்றி நான் ஆசையாக நாலு வரி எழுதியிருந்தேன். சமந்தா என்ற மந்திரக்காரி, விளம்பரக் கம்பெனியில் வேலை செய்யும் டாரின் என்ற சாதாரண ஆளைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். மூக்கை லேசாக ஆட்டினால் நினைத்தது நடக்கும். மந்திரம் வேண்டாம், மற்ற குடும்பங்களைப் போல வாழ்வோம் என்கிறான் புருஷன். அவளும் சரி என்கிறாள். எட்டு சீசன், 254 பாகம், அந்த ஒரு ‘சரி’யைக் காப்பாற்ற முடியாமல் அவள் படும் பாடுதான் கதை.

அதற்கு அவர் எழுதியது இது: “உலகத்தையே புரட்டும் சக்தி இருந்தும் புருஷன் சொன்னான் என்று கையால் பாத்திரம் தேய்க்கிற ஒருத்தியின் கதை. இதை ரசிக்கிறவர்கள் அடுப்படியைத் தாண்டி யோசிக்காதவர்கள்.”

நான் முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். அடுப்படியைத் தாண்டி யோசிக்கத் தெரியும். அவள் கையால் தேய்க்கவே இல்லை ஐயா. முதல் பாகத்தின் கடைசியைப் பாருங்கள். அடுக்களை அலங்கோலமாகக் கிடக்கிறது. செய்த சத்தியத்தை நினைத்து ஒரு நொடி தயங்குகிறாள். அப்புறம் மந்திரம்தான். எல்லாம் பளிச். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள். பார்க்காமல் எழுதுவதற்கு ஒரு அளவு வேண்டாமா?

தூமா வீதி (புதுச்சேரி):

பார்க்காமல் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை, அம்மா. பாரீசில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் இந்தத் தொடரைப் பிரெஞ்சில் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே அதன் பேரே ‘மா சொர்சியேர் பியென் எமே’. என் அன்புக்குரிய மந்திரக்காரி என்று அர்த்தம். அந்த ‘என்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அவள் ஒருவனுக்குச் சொந்தம். தொடரின் மொத்த அரசியலும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

ஒரு காட்சியை வைத்து 254 பாகத்தை அளக்காதீர்கள். எத்தனை பாகத்தில் அவள் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கிறாள், எத்தனை பாகத்தில் தட்டைத் துடைக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். கையால்தான் தேய்க்கிறாள்.

கெடிலக்கரை:

தட்டைத் துடைப்பது வேறு, பாத்திரம் தேய்ப்பது வேறு. நான் கேட்டது பாத்திரம். முதல் பாகம். மந்திரம்.

முதுநகர் அண்ணன் (கடலூர் முதுநகர்):

டீச்சரம்மா, தூமா வீதி சார், ரெண்டு பேரும் பாத்திரத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள். எனக்கு இந்தத் தொடரில் ஆறாத வருத்தம் ஒன்று இருக்கிறது. புருஷனாக நடித்தவரை நடுவில் மாற்றிவிட்டார்களே! முதல் ஐந்து சீசன் டிக் யார்க். பழைய முதுகு வலி, ஒரு படப்பிடிப்பில் பட்ட அடி, அதனால் 1969-ல் விலகிவிட்டார். அடுத்த மூன்று சீசன், 84 பாகம், டிக் சார்ஜென்ட். அதே டாரின், அதே வீடு, வேறு முகம். ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. நம்ம ஊர் சீரியலில்கூட ‘இவருக்குப் பதில் இவர்’ என்று கீழே எழுத்துப் போடுவார்கள். பார்க்கிறவனுக்கு அந்த மரியாதைகூட இல்லையா? டிக் யார்க் விழிப்பதில் ஒரு அப்பாவித்தனம் இருக்கும். அது போனதும் என்னைப் பொறுத்தவரை தொடரும் போய்விட்டது.

இன்னொன்று. மூக்கை ஆட்டுகிறாள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நிறுத்திப் பாருங்கள். ஆடுவது மேலுதடு. உதட்டை இடமும் வலமும் அசைக்கும்போது மூக்கும் சேர்ந்து அசைகிறது. அவ்வளவுதான்.

சில்வர் பீச் தம்பி (கடலூர்):

அண்ணே, மூக்குதான். ஊர் உலகமே மூக்கு என்கிறது.

முதுநகர் அண்ணன்:

ஊர் உலகம் சொன்னால் உதடு மூக்காகிவிடாது, தம்பி. புதுநகர்க்காரர்கள் எதையும் மேலாகத்தான் பார்ப்பீர்கள்.

சில்வர் பீச் தம்பி:

இதில் புதுநகர் எங்கே வந்தது? நான் படித்தது முதுநகர்ப் பள்ளியில்தான் அண்ணே.

பாகூர் ஏரிக்கரை (புதுச்சேரி):

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொண்டு பேசலாமா? அவளை என்ன சொல்லால் அழைப்பது? டீச்சர் மந்திரக்காரி என்கிறார். போன வாரம் இதே இடத்தில் ஒருவர் சூனியக்காரி என்று எழுதினார். ரெண்டும் ஒன்றில்லை. சூனியம் வைப்பது என்றால் அடுத்தவன் குடியைக் கெடுப்பது. பில்லி, ஏவல், செய்வினை எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். எங்கள் ஊரில் ஒரு கிழவியைச் சூனியக்காரி என்று சொன்னால் அவள் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சமந்தா யாருக்கும் கேடு நினைக்காதவள். எந்தச் சொல் என்று முடிவு செய்யாமல் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பயன் இல்லை.

தூமா வீதி:

சொல் எதுவாக இருந்தாலும் கேள்வி அதுதான். சக்தி இருக்கிறவள் ஏன் கையால் பாத்திரம் தேய்க்க வேண்டும்?

கெடிலக்கரை:

தேய்க்கவில்லை! முதல் பாகம்!

சரி, ஒரு பேச்சுக்குக் கையால்தான் தேய்க்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன கேவலம்? எங்கள் மாவட்டத்தில் வடலூர் இருக்கிறது. வள்ளலார் 1867-ல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. அன்றிலிருந்து அங்கே சோறு வடிக்கிறவர்களும் அண்டா கழுவுகிறவர்களும் யோசிக்கத் தெரியாதவர்களா? பசித்தவனுக்குச் சோறு போடுவதைவிடப் பெரிய சித்து என்ன இருக்கிறது? அடுக்களை வேலையை மட்டமாகப் பேசுகிறவர்கள் தங்களைப் பெண்கள் பக்கம் நிற்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் வீட்டில் சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள், தூமா வீதி சார்? நேராகச் சொல்லுங்கள்.

தூமா வீதி:

என் வீட்டை ஏன் இழுக்கிறீர்கள்? வள்ளலாரை இதில் கொண்டுவந்து நிறுத்துவது வாதம் இல்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் விரும்பி வந்து செய்கிறார்கள். சமந்தாவிடம் ஒருவன் நிபந்தனை போட்டான். கல்யாணம் முடிந்த கையோடு, நீ எதுவாக இருக்கிறாயோ அதை விட்டுவிடு என்கிறான். வித்தியாசம் தெரியவில்லையா? அவள் அம்மா எண்டோராவுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவள் கடைசிவரை மருமகன் பேரை ஒழுங்காகச் சொன்னது அபூர்வம். டர்வுட் என்பாள், வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூப்பிடுவாள். அந்தத் தொடரில் தன்மானம் உள்ள ஒரே ஆள் எண்டோராதான்.

முதுநகர் அண்ணன்:

எண்டோராவாக நடித்த ஆக்னஸ் மூர்ஹெட்டுக்கு நானும் ரசிகன். ஆனால் மருமகன் பேரைக் கெடுத்துக் கூப்பிடுவது தன்மானமா? எங்கள் பக்கம் மாமியார்கள் மருமகன் பேரைச் சொல்லவே மாட்டார்கள். அது மரியாதை. எண்டோரா பண்ணுவது திமிர். பாவம், டிக் யார்க் முகம் அப்போதெல்லாம் எப்படிச் சுருங்கும் தெரியுமா?

நெய்வேலி மைதிலம் (நெய்வேலி):

அக்கா, நான் உங்கள் பக்கம்தான். இந்தத் தொடரை லேசு என்று தள்ளுகிறவர்கள் முதல் சீசனில் வரும் ஹாலோவீன் (பேய், மந்திரக்காரி வேஷம் போடும் பண்டிகை) பாகத்தைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். டாரின் ஒரு மிட்டாய்க் கம்பெனிக்கு விளம்பரம் எழுதுகிறான். முதலாளி கேட்பது பல் போன, மூக்கில் மரு வைத்த மந்திரக்காரிக் கிழவி படம். அதைப் பார்த்து சமந்தாவும் அத்தைகளும் நொந்துபோகிறார்கள். எங்களை ஏன் எப்போதும் இப்படியே வரைகிறீர்கள் என்று கேட்கிறார்கள். சிரிக்க வைத்துக்கொண்டே ஒரு கூட்டத்துக்கு அடுத்தவன் ஒட்டுகிற முகத்தைப் பற்றிப் பேசிவிட்டார்கள்.

1970 கிறிஸ்துமஸ் பாகம் அதைவிட ஒரு படி மேலே. அதை எழுதியது லாஸ் ஏஞ்சல்சில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். சமந்தாவின் மகள் டபிதாவும் அவள் தோழியான ஒரு கறுப்பினச் சிறுமியும் அக்கா தங்கையாக ஆசைப்படுகிறார்கள். தோல் நிறம் வேறு என்பதால் ஆக முடியாது என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். டபிதா மந்திரம் போடுகிறாள். இவள் உடம்பில் கறுப்புப் பொட்டு, அவள் உடம்பில் வெள்ளைப் பொட்டு. அந்தக் காலத்து அமெரிக்காவில் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் இதைக் காட்டினார்கள். சமந்தாவாக நடித்த எலிசபெத் மாண்ட்கோமரிக்கு மனசுக்கு மிகவும் நெருக்கமான பாகம் அது.

சில்வர் பீச் தம்பி:

அந்தப் பாகத்தில் அவள் பாத்திரம் தேய்க்கிறாளா அக்கா?

நெய்வேலி மைதிலம்:

தம்பி, நான் எதைப் பற்றி எழுதினேன், நீ எதைக் கேட்கிறாய்?

பாகூர் ஏரிக்கரை:

நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சொல் முக்கியம் என்று நான் ஏன் அடித்துக்கொள்கிறேன் தெரியுமா? இந்தச் சொல்லால் நம் நாட்டில் இன்றைக்கும் பெண்கள் சாகிறார்கள். பீகாரில் 1999-லும் ஜார்க்கண்டில் 2001-லும் இதற்கென்று தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. ஜார்க்கண்டின் சுட்னி மஹதோ, சூனியக்காரி என்று முத்திரை குத்தி ஊரே துரத்திய பெண். அப்புறம் தன்னைப் போன்றவர்களைக் காப்பாற்றவே வாழ்க்கையைக் கொடுத்தவர். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அசாமின் பிருபாலா ராபாவுக்கும் அதே வருஷம். இப்படிப்பட்ட நாட்டில் உட்கார்ந்துகொண்டு மந்திரக்காரி மூக்கை ஆட்டினாள், புருஷன் விழித்தான் என்று சிரிப்பது எனக்கு ஒப்பவில்லை.

முதுநகர் அண்ணன்:

உதடு.

கெடிலக்கரை:

முதுநகர் தம்பி, இந்த இடத்தில் அது வேண்டாம்.

பாகூர் ஐயா, நீங்கள் சொன்னது நெஞ்சில் தைக்கிறது. ஆனால் எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. சக்தி உள்ள பெண் என்றாலே கேடு செய்கிறவள் என்று நம்பும் ஊரில்தான் இந்தக் கதை வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண், பால் வாங்குகிறாள், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறாள், அவளுக்கு மந்திரமும் தெரியும், யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. எதிர் வீட்டு கிளாடிஸ் அம்மாள் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்து, ஐயோ அங்கே என்னமோ நடக்குது என்று கத்துகிறாளே, அவளைத்தான் தொடர் சிரிப்புக்கு ஆளாக்குகிறது, சமந்தாவை இல்லை. ஊரில் முத்திரை குத்துகிறவர்கள் எல்லாம் அந்த எதிர் வீட்டு ஜன்னலில் நிற்கிறவர்கள்தான்.

சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 தானே புயல். அதற்கு அப்புறம் எங்கள் தெருவில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் ஆனால் தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் திண்ணைக்கு வந்துவிடும். ஒரு மெழுகுவர்த்தி. விக்கிரமாதித்தன் கதை தீர்ந்தது, தெனாலிராமன் தீர்ந்தது, சமந்தா கதைக்கு வந்தேன். அதில் கிளாரா அத்தை என்று ஒரு வயசான மந்திரக்காரி, கதவுக் கைப்பிடிகளைச் சேர்த்து வைக்கிறவள், எந்த மந்திரம் போட்டாலும் தப்பாகப் போகும். ஒரு பாகத்தில் அவள் மந்திரம் போடும் நேரம் பார்த்து ஊரே இருட்டாகிவிடும். அதைச் சொன்னதும் ஒரு பிள்ளை கேட்டது, “அப்போ நம்ம ஊரு கரண்டையும் அந்தப் பாட்டிதான் நிறுத்திட்டாங்களா?” முந்திரித் தோப்பு மொத்தமும் போய், அப்பா பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்த வீட்டுப் பிள்ளை அது. அன்றைக்குத்தான் அது சிரித்துப் பார்த்தேன். அதன் அம்மா முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். லேசான கதை என்று தள்ளுகிறவர்கள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்ததில்லை.

நெய்வேலி மைதிலம்:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை அக்கா. எங்கள் பலா மரமும் அந்தப் புயலில்தான் விழுந்தது.

தூமா வீதி:

தானே புயல் புதுச்சேரியையும்தான் அடித்தது. துயரம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, அம்மா. பிள்ளை சிரித்தது நல்ல விஷயம், மறுக்கவில்லை. அதனால் தொடர் நல்ல தொடர் ஆகிவிடாது. அந்தத் தெருப் பெண் பிள்ளைகளுக்கு, சக்தி இருந்தாலும் புருஷன் வேண்டாம் என்றால் அடக்கிக்கொண்டு பாத்திரம் தேய்க்க வேண்டும் என்ற பாடமும் சேர்ந்துதான் போயிருக்கும்.

கெடிலக்கரை:

என் பிள்ளைகளுக்கு நான் என்ன பாடம் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். எப்போது பார்த்தாலும் பாரீசு, சித்தப்பா. உங்கள் பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் தேவனாம்பட்டினக் கோட்டையை 1758-ல் இடித்துப் போட்டார்களே, அந்த நாளிலிருந்து உங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கடலூர் என்றால் இளக்காரம்தான்.

தூமா வீதி:

1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை மொத்தமாகத் தரைமட்டமாக்கியதை டீச்சர் வசதியாக மறந்துவிட்டார். கோட்டை ஒன்று போனதற்கு ஒரு ஊரே போனது. கணக்கு டீச்சருக்குக் கணக்கு தெரியும் என்று நம்புகிறேன்.

முதுநகர் அண்ணன்:

கோட்டை இருந்தது தேவனாம்பட்டினம். துறைமுகம் இருந்தது முதுநகர். கடலூருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது துறைமுகம்தான். அதையும் யாராவது எழுதுங்கள்.

சில்வர் பீச் தம்பி:

அமெரிக்காவில் சேலம் என்று ஒரு ஊரில் மந்திரக்காரிகளை உயிரோடு எரித்தார்களே, அந்த ஊரில் போய்த்தான் 1970-ல் சில பாகங்களை எடுத்தார்கள். சமந்தாவுக்கு அங்கே சிலைகூட வைத்திருக்கிறார்கள்.

பாகூர் ஏரிக்கரை:

எரிக்கவில்லை, தம்பி. 1692-ல் பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்டார்கள். ஒரு முதியவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். எரித்தது ஐரோப்பாவில் பல இடங்களில். செத்தவர்களில் ஒருவரும் மந்திரக்காரி இல்லை. பக்கத்து வீட்டுப் பகை, சொத்துத் தகராறு, பயம். சிலை 2005-ல் வைத்தது. அப்பாவிகள் செத்த ஊரில் சிரிப்புத் தொடருக்குச் சிலையா என்று அங்கேயே பலர் எதிர்த்தார்கள். நான் சொல்வதும் அதுதான். சொல்லை முதலில்...

சில்வர் பீச் தம்பி:

சரி ஐயா, தூக்கு. ஆனால் சிலை இருக்கிறதா இல்லையா?

தூமா வீதி:

சிலை எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா? துடைப்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். அங்கேயும் கையில் வீட்டு வேலைச் சாமான்தான்.

கெடிலக்கரை:

துடைப்பத்தில் அவள் பறக்கிறாள், பெருக்கவில்லை! இதற்கு மேலும் உங்களோடு எப்படிப் பேசுவது? நிபந்தனை, நிபந்தனை என்கிறீர்கள். நிபந்தனை போட்டவன் பாடு என்ன ஆனது? எட்டு சீசனில் ஒரு நாளாவது அவன் நினைத்தது நடந்ததா? கழுதையாக மாறினான், குழந்தையாக மாறினான், வேலை போய்ப் போய் வந்தது. காப்பாற்றியது யார்? சமந்தா. எதனால்? மந்திரத்தால். அவன் மேல் இருக்கும் பிரியத்தில் ஒரு வார்த்தை கொடுத்தாள். தேவைப்பட்டபோது அதை மீறவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் அம்மா தலைமுறைப் பெண்கள் அத்தனை பேரும் அப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள். அப்பாவிடம் சரி என்பார்கள், எங்களைப் படிக்க வைக்க வேண்டியதைச் சத்தமில்லாமல் செய்து முடிப்பார்கள். என் அம்மா வளையலை வைத்துத்தான் நான் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். அப்பாவுக்கு அது தெரிய வந்தபோது எனக்கு வேலையே கிடைத்துவிட்டது. அதை அடிமைத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ள உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

தூமா வீதி:

உங்கள் அம்மா வளையலை அப்பாவுக்குத் தெரியாமல் வைக்க வேண்டியிருந்தது. என் கோபம் அந்தத் ‘தெரியாமல்’ மீதுதான். உங்கள் அம்மா மீது இல்லை.

நெய்வேலி மைதிலம்:

இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

கெடிலக்கரை:

மைதிலம், நீயுமா? நான் என்னம்மா, யோசிக்காமலா எழுதுகிறேன்?

சில்வர் பீச் தம்பி:

டீச்சர், இப்போதுதான் முதல் பாகத்தைப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு தடவை. நீங்கள் சொன்னது சரி. மந்திரம்தான். ஆனால் அது பாத்திரம் மட்டும் இல்லை, அடுக்களை முழுக்க ஒரே நேரத்தில் சுத்தமாகிறது.

தூமா வீதி:

அப்படியென்றால் அதைப் பாத்திரம் தேய்த்தது என்று சொல்லவே முடியாது. நான் சொல்வது மற்ற பாகங்களை.

கெடிலக்கரை:

எந்தப் பாகம்? எண்ணைச் சொல்லுங்கள். சீசன், பாகம், ரெண்டும் வேண்டும். நான் காத்திருக்கிறேன்.

முதுநகர் அண்ணன்:

சொல்லும்போது அதில் இருப்பது டிக் யார்க்கா, சார்ஜென்ட்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். சார்ஜென்ட் என்றால் நான் பார்க்க மாட்டேன்.

தூமா வீதி:

ராத்திரிக்குள் தருகிறேன். ஒன்று இல்லை, பத்து தருகிறேன்.

கெடிலக்கரை:

கையால் தேய்ப்பது முழுசாகத் தெரிய வேண்டும். ஏப்ரன் கட்டி நிற்பது கணக்கில் வராது.